"எத்தனை நாள் இருப்பீங்க?"

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். கணவர் கணக்காளர். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 7. ஒரு வருடம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குடும்பத்தோடு வெளிநாட்டில் ஓர் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் தங்கித் தொண்டு செய்ய முடிவெடுத்திருக்கிறோம். ஏற்பாடு செய்துதரும் நிறுவனத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டோம். சின்னக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, தூங்கவைப்பது, பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, இவைதான் எங்கள் வேலை. பயிற்சி எதுவும் தேவையில்லை, அன்பு இருந்தால் போதும் என்கிறார்கள். மனதுக்கு நெருக்கமாகிவிடும் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து அழைத்து வரலாமா என்ற யோசனையும் இருக்கிறது. இந்த நிலையில் மகள் ஒருநாள், "நாம திரும்பி வந்துட்டா அந்தப் பசங்களை யாரும்மா பார்த்துப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் போகலாமா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

மகளின் கேள்வியை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அவள் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. குடும்பத்தைப் பிரிந்து வளரும் குழந்தைகளோடு இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்த மனநல ஆலோசகர் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருடத்தைக் கைவிடாதீர்கள், குடும்பமாகப் போங்கள். ஆனால் அந்த இல்லத்துக்குப் போகாதீர்கள். குளிப்பாட்டவும் ஊட்டவும் தூங்கவைக்கவும் போகாதீர்கள். முன்பணம் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. படிப்பு முடித்த புதிதில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாலைந்து பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். உட்கார்ந்ததும் ஒருவன் மடியில் ஏறிவிட்டான். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. எவ்வளவு பாசமான பிள்ளைகள், நம்மை எப்படி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி மட்டும் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பக்கத்தில் வந்தாள். என் பெயரைக் கேட்கவில்லை. "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். மூன்று மாதம் என்றேன். மூன்று விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிப் போய்விட்டாள். நான் கிளம்பிய அன்று மற்ற பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்று கையசைத்தார்கள். அவள் வரவில்லை. உள்ளே போய்த் தேடினேன். என் அறையில், அடுத்து வரப்போகிறவருக்காகப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழாததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், ஜேம்ஸ் ராபர்ட்சன் என்கிற சமூகப் பணியாளர், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த சின்னக் குழந்தைகளைக் கவனித்து எழுதினார். முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்வார்கள். அப்புறம் சோர்ந்து ஒடுங்குவார்கள். மூன்றாவதாக அமைதியாகி, யார் வந்தாலும் சிரித்து, தட்டில் வைத்ததைச் சாப்பிட ஆரம்பிப்பார்கள். 'குழந்தை பழகிவிட்டது' என்று ஊழியர்கள் நிம்மதி அடைந்தது அந்த மூன்றாம் கட்டத்தைப் பார்த்துத்தான். உண்மையில் அந்தக் குழந்தை எதிர்பார்ப்பதையே நிறுத்தியிருந்தது.

முன்பின் தெரியாதவரிடம் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் வளரும் இரண்டு மூன்று வயதுக் குழந்தை புதியவரைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளியும். அந்தக் கூச்சம் ஆரோக்கியத்தின் அடையாளம். இவர் என்னவர், அவர் அந்நியர் என்று பிரித்தறியத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். பல கைகள் மாறி வளர்ந்த குழந்தைகளில் பலருக்கு அந்தக் கோடு அழிந்துபோகிறது. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் நம்மைக் கட்டிப்பிடிக்கும் குழந்தையைப் பார்த்து நாம் பூரித்துப்போகும்போது, பெரும்பாலும் நாம் பார்ப்பது ஒரு காயத்தை. அதே குழந்தை நாளைக்குக் கெட்ட எண்ணத்தோடு வருகிறவரிடமும் அப்படியே ஓடும்.

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989-ல் கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தது உலகத்துக்குத் தெரியவந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பே தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரோடு பாதுகாப்பாக ஒட்டுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள். அதிலும் ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். அந்த இல்லங்களில் பால் இருந்தது, படுக்கை இருந்தது, ஷிப்ட் முறையில் ஆட்களும் இருந்தார்கள். இன்று பார்த்த முகம் நாளையும் வரும் என்ற நம்பிக்கைதான் இல்லை.

இப்போது உங்கள் ஒரு வருடத்தை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு அது பெரிய தியாகம், மறுக்கவே இல்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது வாழ்ந்த வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு வாரம் வந்து போகிறவரிடம் அது தன்னைக் கொடுக்காது. ஒரு வருடம் தினமும் குளிப்பாட்டித் தூங்கவைப்பவரிடம் கொடுத்துவிடும். நீங்கள் அன்பாக இருக்க இருக்க, பிரிவு அதற்கு அவ்வளவு பலமாக அடிக்கும். அதனால்தான் 'அன்பு இருந்தால் போதும்' என்று அந்த நிறுவனம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, 'ஆதரவற்ற' என்ற சொல். உங்கள் கடிதத்தில் அது வந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே பெற்றோரை இழந்த குழந்தைகள் அப்படிப் பெருகிவிடவில்லை. பெருகியது சுற்றுலாப் பயணிகளும் அவர்கள் கொண்டுவந்த பணமும்தான். யுனிசெஃப் உதவியோடு அங்கே நடந்த ஆய்வில், இல்லங்களில் இருந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தது தெரிந்தது. 'படிக்கவைக்கிறோம், சாப்பாடு போடுகிறோம்' என்று சொன்னதை நம்பிப் பெற்றவர்களே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் ஏராளம். நேபாளத்தில் உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களிலிருந்து இதே வாக்குறுதியைக் கொடுத்துத் தரகர்கள் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்கு அழைத்துவந்தார்கள். நேபாளத்தின் இல்லங்களில் பெரும்பகுதி, வெளிநாட்டவர் அதிகம் வந்துபோகும் சில மாவட்டங்களில்தான் இருக்கிறது என்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொண்டு செய்ய வருகிறவர் பணம் கட்டுகிறார். பணம் வர வேண்டுமென்றால் இல்லத்தில் குழந்தைகள் இருக்க வேண்டும். ஒரு குழந்தை வீட்டுக்குத் திரும்பினால் ஒரு தலை குறைகிறது, அதற்கான நன்கொடையும் குறைகிறது. நடத்துகிறவர் நல்லவராகவே இருந்தாலும் இந்தக் கணக்கு அவரை இழுக்கும். கெட்டவராக இருந்தால் சொல்லவே வேண்டாம், பிள்ளைகளை வேண்டுமென்றே மெலியவும் அழுக்காகவும் வைத்திருந்த இடங்கள் உண்டு. 2017-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைமுறை பற்றிய தன் அறிக்கையில் இந்த விஷயத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள், வறுமை ஒன்றையே காரணமாக வைத்துக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்கின்றன.

உங்கள் இல்லம் அப்படிப்பட்டதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்ல முடியாது. நீங்களே கேட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வருகிறார்கள்? போன வருடம் எத்தனை பேர் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? அரசுப் பதிவு இருக்கிறதா? உள்ளூர் ஊழியர்கள் சராசரியாக எத்தனை வருடம் வேலையில் நீடிக்கிறார்கள்? எங்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்களைப் பற்றி எதையும் விசாரிக்காமல் ஒரு குழந்தையைக் குளிப்பாட்ட அனுமதிக்கிறார்கள் என்றால், உங்களுக்கு முன் வந்தவரையும் அப்படித்தான் அனுமதித்திருப்பார்கள்.

தத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேச வேண்டியிருக்கிறது. நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்பு பற்றி 1993-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. குழந்தையைத் தத்துக் கொடுக்கலாமா, அதற்குப் பெற்றவர்களின் முறையான சம்மதம் இருக்கிறதா, தத்தெடுக்க வருகிறவர்கள் தகுதியானவர்களா என்பதெல்லாம் உறுதியாகும் வரை, தத்தெடுக்க விரும்புகிறவர்கள் குழந்தையின் பெற்றோரோடும் அதை வளர்க்கிறவர்களோடும் தொடர்பு வைக்கக்கூடாது என்று அதன் 29-வது பிரிவு சொல்கிறது. உறவுக்குள்ளேயே தத்து எடுப்பது போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர. பெற்றவர்கள் மீது பணத்தாலோ கெஞ்சலாலோ நெருக்கடி வரக்கூடாது என்பதற்காக வைத்த வேலி அது. பழகிப் பார்த்து, பிடித்த குழந்தையைத் தேர்ந்தெடுப்பது அந்த வேலியைத் தாண்டிக் குதிப்பதுதான். அதோடு, தேர்ந்தெடுக்கப்படாத மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தத்தெடுக்க உண்மையிலேயே ஆசை இருந்தால், அதற்கான அரசு அமைப்பில் தனியாகப் பதிவு செய்யுங்கள். இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள்.

உங்கள் சொந்தப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

மகனுக்கு 7 வயது. இல்லத்துப் பிள்ளைகளோடு நாள் முழுக்க விளையாடுவான். இரவு எட்டு மணிக்கு அவன் மட்டும் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போவான். காய்ச்சல் வந்தால் அவனுக்கு அம்மாவின் மடி இருக்கும். அவன் வயதுப் பிள்ளைகள் இருபது பேர் அதைத் தினமும் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது எப்படி இருக்கும்? அவனுக்கு எப்படி இருக்கும்? ஒன்று, அம்மா எல்லாரையும் கொஞ்சுகிறாள் என்று பொறாமைப்படுவான். இல்லையென்றால், தனக்கு மட்டும் எல்லாம் இருக்கிறது என்று குற்ற உணர்ச்சியில் குறுகுவான். இரண்டையும் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பையன் ஒருவன், பெற்றோரோடு இப்படி ஓர் இடத்தில் இருந்துவிட்டு வந்தபின், மாதக்கணக்கில் புதுச் சட்டை போட மறுத்தான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

மகளின் நிலை வேறு. 13 வயதில் நண்பர்கள்தான் உலகம். அந்த உலகத்தை விட்டு ஒரு வருடம் வரச் சொல்கிறீர்கள். அவளுடைய சம்மதத்தை நிஜமாகவே கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொல்ல அவளுக்கு வாய்ப்பு இருக்கிற விதத்தில் கேளுங்கள். அங்கே அவள் வயதுப் பெண்கள், பெரியவர்களிடம் சொல்லாத விஷயங்களை அவளிடம் சொல்லக்கூடும். அடி, வன்முறை, அதைவிட மோசமானதும் இருக்கலாம். அதைக் கேட்டு அவள் தனியே சுமக்கக்கூடாது. யாராவது ஏதாவது சொன்னால் ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யாமல், உடனே உங்களிடம் வர வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. நீங்கள் பிசியோதெரபிஸ்ட். இல்லங்களில் விடப்படும் குழந்தைகளில் உடல் குறைபாடு உள்ளவர்கள் நிறைய. பாசம் இல்லாமலா பெற்றவர்கள் விடுகிறார்கள்? எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தராததால் விடுகிறார்கள்.

செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் இல்லாத நிலை, இருக்கும் நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு தாய் ஊட்டுவதை நினைத்துப் பாருங்கள். மடியில் மல்லாத்திப் போட்டிருக்கிறாள். தலை பின்னால் சரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் இருமல், புரை, பாதிக்குமேல் வெளியே. உள்ளே போனதிலும் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, அடிக்கடி நெஞ்சுச் சளி. வேளைக்கு ஒரு மணி நேரம் இந்தப் போராட்டம். மற்ற பிள்ளைகள் பசியோடு நிற்கும், வேலைக்குப் போக முடியாது. இந்த இடத்தில் உங்களைப் போன்ற ஒருவர், குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தோளுக்குப் பின்னால் ஒரு துணிச்சுருளை வைத்து, கால் ஊன்ற ஒரு பலகை போட்டு, முகவாய் லேசாகக் கீழே இறங்கியிருக்கும்படி பிடிக்கக் கற்றுக்கொடுத்தால்? அந்தத் தாய் குழந்தையை இல்லத்தில் விட நினைத்த காரணங்களில் ஒன்று அவள் கையாலேயே விலகிவிடும். நீங்கள் ஊருக்குத் திரும்பினாலும் அவள் அங்கேதான் இருப்பாள்.

ஆகவே, குழந்தைகளைக் குடும்பத்திலேயே வைத்துக்கொள்ளவும், இல்லத்தில் இருப்பவர்களைத் திரும்பச் சேர்க்கவும் வேலை செய்யும் உள்ளூர் அமைப்பு ஒன்றைத் தேடுங்கள். கம்போடிய அரசே ஐந்து மாகாணங்களில் 30 சதவீதக் குழந்தைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புவது என்று இலக்கு வைத்தது. இந்த வேலைக்கு ஆள் தேவை இருக்கிறது. அங்கே உள்ளூர் ஊழியர்களுக்கும் தாய்மார்களுக்கும் கற்றுக்கொடுப்பது உங்கள் பணியாக இருக்கட்டும். குழந்தையைத் தொட்டுத் தூக்கிச் செய்வது அவர்களாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மொழி தெரியாது என்பதால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் போகும். கிளம்புவதற்கு முன் ஆறு மாதமாவது அந்த மொழியைப் படியுங்கள்.

உங்கள் கணவருக்கும் வேலை இருக்கிறது, ஒருவேளை உங்களைவிட அதிகமாகவே. இல்லத்தை மூடிவிட்டுக் குடும்ப உதவிக்கு மாற நினைக்கும் அமைப்புகள் தடுக்கி விழுவது கணக்குப் புத்தகத்தில்தான். நன்கொடையாளர்கள் 'ஒரு குழந்தைக்கு இவ்வளவு' என்று கொடுத்துப் பழகியவர்கள். குழந்தைகள் வீட்டுக்குப் போகப்போக வரவு குறைகிறது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் செலவும் ஊழியர் சம்பளமும் குறைவதில்லை. அந்த மாறுதல் காலத்துக்கு வரவுசெலவுத் திட்டம் போட்டு, நன்கொடையாளர்களுக்குப் புரியும்படி எழுதித் தர ஒரு நல்ல கணக்காளர் கிடைத்தால் அவர்களுக்கு அது பெரிய வரம். குழந்தைகள் யாரையும் நேரில் பார்க்காமலேயே கூட இதைச் செய்யலாம்.

இப்படிப் போனால் நீங்கள் சாதாரண வீடு ஒன்றில் வாடகைக்கு இருப்பீர்கள், உங்கள் பிள்ளைகள் அங்கே ஒரு பள்ளிக்குப் போவார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நண்பர்களாவார்கள். அந்த நட்பு பிரியும்போதும் வலிக்கும்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இரவில் போய்ப் படுக்க அவரவர் வீடு இருக்கும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூரிஸ்ட் விசாவில் போய்த் தொண்டு செய்வது பல நாடுகளில் சட்டவிரோதம். நேபாளத்திலும் அப்படித்தான். 'எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்' என்று சொல்லும் அமைப்பை நம்பாதீர்கள். பயண மருத்துவம் தெரிந்த டாக்டரை இரண்டு மூன்று மாதம் முன்பே பாருங்கள். மகனுக்கு ரேபிஸ் முன்தடுப்பு ஊசி பற்றிக் கட்டாயம் கேளுங்கள், சின்னப் பிள்ளைகள் நாய் கீறியதை வீட்டில் சொல்ல மாட்டார்கள். சில ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று வேண்டும், 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். மகளின் பள்ளியில் திரும்பிச் சேர்வது பற்றி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் போட்டோ. சந்திக்கும் குழந்தைகளின் முகத்தை எங்கேயும் பதிவிடாதீர்கள். உங்கள் மகன் நோயில் கிடக்கும் படத்தை, பெயர் தெரியாத ஒருவர் தன் பக்கத்தில் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: 'நாங்கள் போகாவிட்டால் அந்த இல்லத்துப் பிள்ளைகளின் கதி?' நியாயமான கவலை. நான் இதைப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். நீங்கள் கட்டவிருந்த பணத்தில் ஒரு பங்கை, குடும்பத்தோடு சேர்க்கும் வேலைக்கோ, அங்கேயே ஊரும் மொழியும் தெரிந்து பல வருடம் இருக்கப்போகும் ஓர் ஊழியரின் சம்பளத்துக்கோ கொடுத்தால், அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் அதே முகம் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பன்னிரண்டு பேரின் பன்னிரண்டு தாலாட்டுகளைவிட அவர்களுக்கு அது அதிகம் தேவை.

மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தத்து பற்றிய பகுதியையும் அவள் படிக்கட்டும், தாங்குவாள். பிறகு அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நிறுவனத்துக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன வருடம் எத்தனை குழந்தைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்ற ஒரே கேள்வி போதும். என்ன பதில் வருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.